ஊதிக் காட்டு

பொழுது சாய்ந்து சின்னதுரை வாசலில் செருப்பைக் கழற்றும் சத்தம் கேட்டால், ஞானம்மா அடுப்படியிலிருந்து கையைத் துடைத்துக்கொண்டு வந்து அவன் எதிரில் நிற்பாள்.

"ஊதுயா."

அவன் ஊதுவான். அவள் மூக்கை அவன் வாயருகே கொண்டுபோய் மோந்து பார்ப்பாள். வாடை இல்லையென்றால் அன்றைக்குச் சோறும் உண்டு, மாத்திரையும் உண்டு. வாடை அடித்தால் சோறு மட்டும். மாத்திரை டப்பா அலமாரியிலேயே இருக்கும். பல வருஷமாக அந்த வீட்டின் சட்டம் இது. புருஷன் பெண்டாட்டிக்குள் வேறு நெருக்கம் எதுவும் மிச்சமில்லாமல் போன பிறகு, முகத்துக்கு முகம் வைக்க அவர்களுக்கு இருந்தது இந்த ஒன்றுதான். இதை ஞானம்மாவிடம் யாராவது சொன்னால் முதலில் சிரிப்பாள், பிறகு முந்தானையை எடுத்துக் கண்ணைத் துடைப்பாள்.

'ஊது' என்ற வார்த்தை அவள் கண்டுபிடித்ததில்லை. கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் கம்பி உருட்டும் மில்லில் சின்னதுரை வேலை பார்த்தபோது, ஷிப்டுக்குப் போகிற ஒவ்வொருவனையும் கேட்டில் செக்யூரிட்டி ஊதச் சொல்வான். பழுக்கக் காய்ந்த கம்பி பாம்பு மாதிரி ஓடி வருகிற இடம் அது. போதையில் ஒருவன் கால் பிசகினால் நாலு பேருக்குச் சேதம். ஆகவே அங்கே அந்தச் சட்டம் நியாயம்தான். சின்னதுரை அப்போது நல்ல வேலைக்காரன். இடுக்கியால் கம்பியைப் பிடித்துத் திருப்பி விடுவதில் அவன் கை தனி என்று மேஸ்திரியே சொல்வார்.

அந்த மில் இரைச்சலுக்குள் ஒருநாள் யாரோ தன் பேரைச் சொல்லித் திட்டுவது அவனுக்குக் கேட்டது. திரும்பிப் பார்த்தான், ஆள் இல்லை. பிறகு அது வீட்டிலும் கேட்டது, கோயிலிலும் கேட்டது. இரண்டு ஆம்பளைக் குரல்கள். நீ எதற்கும் லாயக்கில்லாதவன், உன் பெண்டாட்டி உன் சோற்றில் ஏதோ கலக்கிறாள் என்று ஓயாமல் பேசின. ஒரு குவார்ட்டர் உள்ளே போனால் அவை கொஞ்ச நேரம் அடங்கும் என்பதை அவனாகவே கண்டுபிடித்தான். மறுநாள் அவை இரண்டு மடங்காக வரும் என்பதையும் கண்டுபிடித்தான். அதற்கும் மருந்து அதே குவார்ட்டர்தான். அப்புறம் ஒரு காலையில் மில் கேட்டில் ஊதி மாட்டிக்கொண்டான். கூட வந்தவர்கள் எல்லோரும் பார்த்துக்கொண்டே உள்ளே போக, அவன் மட்டும் வெளியே நின்றான். அதோடு வேலை போயிற்று.

அவனுக்கு மனச்சிதைவு என்று பெயர் வைத்து மாத்திரை தருவதற்குள் ஞானம்மா படாத பாடு பட்டாள். ஓர் இடத்தில், குடியை விட்டுவிட்டு வரட்டும், அப்புறம் மனசைப் பார்க்கலாம் என்றார்கள். குடியை விட வைக்கிற இடத்தில், இவருக்கு மனசில் கோளாறு இருக்கிறது, முதலில் அதைப் பாருங்கள் என்றார்கள். இரண்டு வாசலுக்கும் நடுவில் அந்த மனுஷி ரயிலுக்கும் பஸ்ஸுக்கும் அலைந்தாள். கடைசியில் ஓர் அரசு ஆஸ்பத்திரியில் மாசத்துக்கு ஒருநாள் மனநல டாக்டர் வருகிறார் என்று கேள்விப்பட்டுப் போனபோது, அவள் உஷாராகி விட்டிருந்தாள். குடிப்பாரா என்றதற்கு, "அதெல்லாம் இல்லீங்க சார்" என்றாள்.

மாத்திரை கிடைத்தது. அதை வீட்டுக்குக் கொண்டுவந்த கையோடு பஜாரில் மருந்துக்கடை பூவராகவனிடம் காட்டினாள். பூவராகவன் நல்ல மனுஷன். டாக்டர் இல்லை, ஆனால் டாக்டர் மாசத்துக்கு ஒருநாள்தான் வருவார், பூவராகவன் தினமும் கடை திறப்பார்.

"யக்கா, சரக்கு உள்ள போன அன்னிக்கு இத்த குடுத்துடாத. ரெண்டும் ஒண்ணா சேந்துச்சுனா ஆளு தூக்கத்துலயே பூடுவாரு" என்றார்.

அன்றைக்குப் பிறந்ததுதான் அந்த ஊதுகிற சட்டம். வாரத்தில் பாதி நாள் சின்னதுரை குடித்தான். அந்தப் பாதி நாளும் மாத்திரை இல்லை. குரல்கள் போகவில்லை. டாக்டர் கேட்டார், மாத்திரை ஒழுங்காகச் சாப்பிடுகிறாரா என்று. "தினமும் என் கையாலதான் குடுக்குறேங்க" என்றாள். மருந்து கேட்கவில்லையே என்று டாக்டர் மாத்திரையின் அளவைக் கூட்டினார். அடுத்த தடவையும் கூட்டினார்.

போன மழைக்காலத்தில் அந்த ஆஸ்பத்திரிக்குத் தமிழ்செல்வி என்று ஒரு சிஸ்டர் புதிதாக வந்தாள். மாத்திரைச் சீட்டை நீட்டுவதற்கு முன் ஒவ்வொருவரையும் பக்கத்தில் உட்கார வைத்துப் பேசுகிற பழக்கம் அவளுக்கு.

"தூக்கம், சோறு எல்லாம் அப்புறம்ணே. உங்க வாழ்க்க எப்படி இருக்கு? என்ன இருந்தா நல்லா இருக்கும்னு தோணுது?"

சின்னதுரை ரொம்ப நேரம் யோசித்தான். வரிசையில் பின்னால் நின்றவர் இருமினார். இந்த ஆளிடம் இப்படியெல்லாம் கேட்டால் என்ன சொல்வான், பீடி வேண்டும் என்பான் என்று ஞானம்மா நினைத்தாள்.

"எம்பொண்ணு கல்யாணத்துக்கு நான்தான் அவ கையப் புடிச்சி கோயிலுக்குள்ள இட்டுகினு போவணும்" என்றான் சின்னதுரை.

ஞானம்மாவுக்குத் தூக்கிவாரிப் போட்டது. இத்தனை காலமாக இவன் வேண்டுவது குரல் அடங்குவது ஒன்றுதான் என்று நினைத்திருந்தாள். அவனுக்குள் ஓர் ஆசை உட்கார்ந்திருப்பதை, தினமும் அவன் வாயை மோந்து பார்க்கிறவளுக்குத் தெரியவில்லை.

அந்தப் பொண்ணு ஏஞ்சல். ஆந்திரா பார்டருக்கு அந்தப் பக்கம் ஒரு கம்பெனியில் வேலை, கம்பெனி பஸ்ஸில் போய் வருகிறாள். தை மாசம் அவளுக்கு அத்திப்பட்டிலிருந்து மாப்பிள்ளை வந்தான். ஜோஷ்வா என்று பெயர், அனல்மின் நிலையத்தில் கான்ட்ராக்ட் வேலை. அவனுடைய அப்பா தாவீது மரியாதை தெரிந்தவர். எல்லாம் பேசி முடித்த பிறகு தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"சம்பந்திம்மா, தப்பா எடுத்துக்காதீங்க. எங்க சைடுல ஜனங்க நெறைய வருவாங்க. அண்ணன் தெளிவா இருந்தாருன்னா அவரே பொண்ண இட்டுகினு வரட்டும். இல்லன்னா அவரு தம்பி ஆசீர்வாதம் கீறாரு. கோயில் வாசல்ல ஒரு அசிங்கம் வேணாம்."

சின்னதுரை அதே பாயில்தான் உட்கார்ந்திருந்தான். அவனைத் தாண்டியேதான் அந்தப் பேச்சு போயிற்று. அவன் பாயின் கோரையைப் பிய்த்துக்கொண்டிருந்தான்.

அவர்கள் குடியிருந்த காலனியில் பாதி ஆண்கள் ஈஸ்டருக்கு முந்தின தவக்காலத்தில் குடியை நிறுத்துவார்கள். ஈஸ்டர் இரவின் பாஸ்கா பூசை முடிந்ததும் விட்டதையெல்லாம் வட்டியோடு பிடித்துவிடுவார்கள். அந்தப் புண்ணியக் கும்பலில்கூட சின்னதுரை ஒரு வருஷமும் சேர்ந்ததில்லை. இந்த வருஷம் தவக்காலம் தொடங்குகிற சாம்பல் புதனன்று நெற்றியில் சாம்பலோடு வந்து வாசலில் நின்றான்.

"ஞானம், இன்னிலேர்ந்து உட்டுட்டேன்."

"எத்தினி வாட்டி கேட்டுகிறேன் இத்த" என்றாள் அவள். "ஊது பாக்கலாம்."

ஊதினான். வாடை இல்லை. மறுநாளும் இல்லை.

முதல் வாரம் அவன் பட்ட பாட்டை அவள்தான் பார்த்தாள். உடம்பு உதறியது, வியர்வை ஊற்றியது, கண்ணை மூடவில்லை. சுவரைப் பார்த்துக் கும்பிட்டு, "கம்னு கீங்கடா டேய், எம்பொண்ணுக்குக் கல்யாணம்டா" என்று அந்தக் குரல்களிடம் கெஞ்சினான். ஞானம்மா அடுப்படியில் உட்கார்ந்து அழுதாள். அழுதாலும் மாத்திரையை மறக்கவில்லை. வாடை இல்லாத நாள் மாத்திரை நாள்; இப்போது எல்லா நாளும் மாத்திரை நாள். ஏற்றி ஏற்றிக் கொடுத்த அத்தனை மாத்திரையும் முதல் முறையாக ஒரு நாள் தவறாமல் அவன் வயிற்றுக்குள் போயிற்று.

தவக்காலம் முடியும் தறுவாயில், குருத்து ஞாயிற்றுக்குள் குரல்கள் அடங்கிவிட்டன. ஆனால் கூடவே அவனும் அடங்கிவிட்டான். முகத்தில் சிரிப்பும் இல்லை, கோபமும் இல்லை. காலைத் தூக்கி வைக்காமல் தேய்த்துத் தேய்த்து நடந்தான். கை நடுங்கியது. வாயோரம் எச்சில் ஒழுகினால் அவனுக்கே தெரியவில்லை.

"குடிய உட்டா ஒடம்பு அப்பிடித்தான் அண்ணி மொரண்டு பண்ணும். போவப் போவ செரியாப் பூடும்" என்றான் ஆசீர்வாதம். நம்ப வேண்டும் போலிருந்ததால் ஞானம்மா நம்பினாள். மாத்திரை வாங்கத் தனியாகவே போனாள். கல்யாண வேலை தலைக்கு மேல் கிடந்தது.

"அண்ணன் வரலியாக்கா?" என்று கேட்டாள் தமிழ்செல்வி சிஸ்டர்.

"நல்லா கீறாரு சிஸ்டர். சத்தமே கேக்கலியாம்" என்று சொன்னபோது ஞானம்மாவின் முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம்.

"அவர ஒருவாட்டி டாக்டர் பாக்கணும்க்கா. அடுத்த தடவ கண்டிப்பா கூட்டிட்டு வாங்க."

"கல்யாணம் முடியட்டும் சிஸ்டர்."

சாயங்காலம் கம்பெனி பஸ் வந்ததும் ஏஞ்சல் அப்பாவை வெளியே கூப்பிடுவாள். வீட்டு வாசலிலிருந்து தெருக்கோடித் தண்ணீர்த் தொட்டி வரைக்கும் இரண்டு பேரும் கை கோத்துக்கொண்டு நடப்பார்கள். தெருவே வேடிக்கை பார்க்கும்.

"கோயில் வாசல்லேர்ந்து பீடம் இவ்ளோ தூரம்தான் நைனா. அவசரமே வேணாம். பொண்ணு மெதுவாதான் நடக்கணும், வேகமா நடந்தா மாப்ளைக்கு அலையறான்னு சொல்லுவாங்க."

அவன் சிரிக்கவில்லை, சிரிக்க முகம் ஒத்துழைக்கவில்லை. ஆனால் அவள் கையை இறுக்கிப் பிடித்தான். அவன் சட்டைப் பையில் ஏஞ்சல் ஒரு கர்சீப் வைத்திருந்தாள். தொட்டியருகே வந்ததும் யாரும் பார்க்காத பக்கமாகத் திரும்பி அவன் வாயைத் துடைத்துவிடுவாள். ஞானம்மா வாசலில் நின்று அதைப் பார்ப்பாள். இந்த ஒரு நாள் மட்டும் நல்லபடியாக நடக்கட்டும், வேறு எதுவும் கேட்கமாட்டேன் என்று மாதாவிடம் சொல்லிக்கொள்வாள்.

பாஸ்கா முடிந்து இரண்டு வாரம் கழித்துக் கல்யாணம். காலையில் ஆசீர்வாதம் அண்ணனுக்குச் சவரம் செய்துவிட்டு வெள்ளைச் சட்டையைப் போட்டுவிட்டான். கோயில் வாசலில் கார் நின்றது. உள்ளே பாடகர் குழு தயாராக இருந்தது, ஃபாதர் வாசற்படியில் வந்து நின்றார். சின்னதுரை காரிலிருந்து இறங்கினான். ஜல்லியில் கால் மாட்டித் தடுமாறினான். விழப்போனவனை ஏஞ்சல்தான் பூச்செண்டைப் போட்டுவிட்டுப் பிடித்தாள். நிமிர்ந்தபோது அவன் வாய் ஒழுகிச் சட்டை நனைந்திருந்தது. கண் ஓரிடத்தில் குத்திட்டு நின்றது.

மாப்பிள்ளை வீட்டுப் பெண்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். காலங்காத்தாலயேவா என்று யாரோ முனகியது நன்றாகவே கேட்டது. தாவீது விறுவிறுவென்று வந்தார்.

"இன்னா சம்பந்திம்மா இது? அவ்ளோ சொன்னேனே."

"ஐயோ, இல்லீங்க. சாம்பல் புதன்லேர்ந்து ஒரு சொட்டு தொடல. சத்தியமா."

"ஆளப் பாத்தா தெரியல? நிக்கவே முடியல அவரால."

ஞானம்மாவுக்கு உச்சந்தலையில் சூடேறியது. எத்தனை வருஷம் இந்த ஆளுக்காக ஊரெல்லாம் பொய் சொல்லியிருப்பாள்! டாக்டரிடம், பள்ளிக்கூடத்தில், சொந்தக்காரர்களிடம். இன்றைக்குத்தான் முதல் முறையாக உண்மை அவள் பக்கம் இருந்தது. அதை எல்லோரும் பார்க்க வேண்டும் என்று அவளுக்கு வெறியே வந்துவிட்டது.

"யோவ், ஊதுயா" என்றாள். "அவரு மூஞ்சிக்கு நேரா ஊது. ஊதிக் காட்டு, தெரியட்டும் எல்லாருக்கும்."

சின்னதுரை அவளைப் பார்த்தான். மாத்திரை கெட்டிப்படுத்திய அந்த முகத்தில் எதுவும் அசையவில்லை. பார்வை மட்டும் அவளை விட்டு நகரவில்லை. பிறகு பழக்கப்பட்டவன் மாதிரி ஓரடி முன்னால் வந்து, கழுத்தை நீட்டி, வாயைத் திறந்து, சம்பந்தி முகத்துக்கு நேராக ஊதினான்.

தாவீது மோந்து பார்த்தார். முகம் மாறிவிட்டது.

"வாடை ஒண்ணும் இல்ல. மன்னிச்சிருங்கண்ணே, நான்தான் தப்பா நெனச்சிட்டேன். வாங்க, உள்ள போலாம், ஃபாதர் நிக்கிறாரு."

ஞானம்மா ஜெயித்துவிட்டாள். முனகிய பெண்கள் பக்கம் தலையை நிமிர்த்தி ஒரு பார்வை பார்த்தாள். அவள் திரும்புவதற்குள் சின்னதுரை தன் கையிலிருந்து ஏஞ்சலின் கையை எடுத்துத் தம்பியின் கையில் வைத்துக்கொண்டிருந்தான்.

"நீ இட்டுகினு போடா."

"அண்ணே, இன்னாண்ணே, அதான் செரியாப் போச்சே."

"வா நைனா. நம்ம நடந்து பாத்தமே நைனா" என்று ஏஞ்சல் அழ ஆரம்பித்தாள்.

"ஊதிட்டு உள்ள போவ இது மில்லு கேட்டாம்மா?" என்றான். குழறித்தான் வந்தது, ஆனால் எல்லோருக்கும் புரிந்தது. "நீ போ. நேரமாவுது."

யார் சொல்லியும் அவன் நகரவில்லை. ஏஞ்சல் சித்தப்பா கையைப் பிடித்துக்கொண்டு, திரும்பித் திரும்பிப் பார்த்தபடி உள்ளே போனாள். பூசை முடிகிற வரைக்கும் சின்னதுரை கோயிலுக்கு வெளியே, எல்லோரும் கழற்றிப்போட்ட செருப்புகளுக்குப் பக்கத்தில் நின்றான். உள்ளே முதல் வரிசையில் உட்கார்ந்திருந்த ஞானம்மாவால் பீடத்தை நிமிர்ந்து பார்க்க முடியவில்லை.

அடுத்த முறை அவனைக் கூட்டிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனாள். டாக்டர் அவன் கையை மடக்கி நீட்டிப் பார்த்தார், நடக்கச் சொல்லிப் பார்த்தார். பிறகு ஞானம்மாவை உட்காரச் சொன்னார். அவர் கேட்கக் கேட்க அவள் எல்லாவற்றையும் சொன்னாள். குடியை, ஊதச் சொன்னதை, டப்பாவிலேயே கிடந்த மாத்திரையை.

"குடிச்சிருந்தாலும் இந்த மாத்திரைய நிறுத்தக் கூடாதும்மா" என்றார் டாக்டர். "பாதி நாள்தான் குடுத்தீங்கன்னு எனக்குத் தெரியாது. மருந்து கேக்கலைன்னு நெனச்சு ஏத்திக்கிட்டே போயிட்டேன். இப்ப தினமும் அவ்வளவும் உள்ள போனதும் உடம்பு இறுகிடுச்சு. இது குடியை விட்டதால வந்தது இல்ல. குறைச்சுக் குடுத்தா சரியாயிடும். குடிக்கிறார்னு முதல்லயே சொல்லியிருந்தா ரெண்டுக்கும் சேர்த்து வைத்தியம் பண்ணியிருப்பேன். ரெண்டும் ஒரே மனுஷனுக்கு வந்ததுதானே?"

திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பாள். அவர் திட்டவில்லை. அவன் உயிரைக் காப்பாற்றுகிறோம் என்று நினைத்து, வருஷக்கணக்காக அவனை அந்தக் குரல்களிடம் தன் கையாலேயே பிடித்துக் கொடுத்திருக்கிறாள். அந்தக் காலும் அந்த எச்சிலும்கூட அவள் சொன்ன பொய்யால் வந்தவை. நெஞ்சில் அடித்துக்கொள்ள வேண்டும் போலிருந்தது. கூட்டமாக இருந்ததால் சும்மா உட்கார்ந்திருந்தாள்.

தமிழ்செல்வி சிஸ்டர் சின்னதுரையைப் பக்கத்தில் உட்கார வைத்திருந்தாள்.

"இப்ப சத்தம் கேக்குதாண்ணே?"

"இல்ல சிஸ்டர். கம்னு கீது."

"அப்ப பரவால்லையே. வேற என்ன வேணும்னு தோணுது?"

இந்தத் தடவை அவன் யோசிக்கவில்லை. "ஒண்ணும் வேணாம்" என்றான்.

மாத்திரையைக் குறைத்தார்கள். மெல்ல மெல்லக் கால் தரையை விட்டு எழும்பியது, எச்சில் நின்றது. குடிக்குத் தனியாக ஒரு மாத்திரை கொடுத்தார்கள். அவன் குடிக்கவும் இல்லை. டாக்டர் சொன்னபடியே எல்லாம் நடந்தது. ஆஸ்பத்திரியிலிருந்து வந்த அன்றைக்கே இனி அந்த வார்த்தையை வாயால் சொல்வதில்லை என்று ஞானம்மா முடிவெடுத்திருந்தாள். அன்று சாயங்காலம் அவன் செருப்பைக் கழற்றிவிட்டு வாசலிலேயே நின்றான்.

"உள்ள வாயா, சோறு போட்டுட்டேன்."

அவன் வரவில்லை. அவள் வெளியே வரும்வரை நின்று, கழுத்தை நீட்டி ஊதினான். பிறகுதான் உள்ளே வந்தான். வேண்டாம் என்று கெஞ்சிப் பார்த்தாள், கோபித்துப் பார்த்தாள், அவன் காலைக்கூடப் பிடித்தாள். மறுநாளும் ஊதினான்.

ஆனி மாசத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் ஏஞ்சலும் மாப்பிள்ளையும் வந்தார்கள். ஞானம்மா கறி எடுத்துக் குழம்பு வைத்திருந்தாள். கடைக்குப் போன சின்னதுரை வாழையிலைக் கட்டோடு நிமிர்ந்து நடந்து வந்தான். பழைய நடையே வந்துவிட்டது. செருப்புச் சத்தம் கேட்டதும் ஏஞ்சல், "நைனா!" என்று வாசலுக்கு ஓடினாள். கட்டிக்கொள்ளப் போனவளைக் கையைக் காட்டி நிறுத்தினான். இலைக்கட்டைக் கீழே வைத்தான். மகளின் முகத்தருகே குனிந்து, வாயைத் திறந்து, மெதுவாக ஊதினான்.

ஏஞ்சல் அப்படியே நின்றாள். அடுப்படி வாசலில் ஞானம்மா கையில் கரண்டியோடு நின்றாள்.

"பாத்துக்கோம்மா, ஒண்ணும் இல்ல" என்றான் சின்னதுரை. "உள்ள வரட்டுமா?"